காலை ஏழரைக்குப் பிறகு கல்லூரி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள். 1998–99இல் அங்கே பொது அறுவை, எலும்பு அறுவை, இரத்தக்குழாய் அறுவை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். அதே மருத்துவமனைகளில் வேலை பார்த்த பத்தாயிரத்துச் சொச்சம் செவிலியர்கள் நிரப்பி அனுப்பிய வினாத்தாள்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் இந்த ஒரே தரவிலிருந்து இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார்கள். இரண்டும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் ஓராண்டு இடைவெளியில் வெளிவந்தன.

2002 அக்டோபரில் வந்த முதல் கட்டுரை பணிச்சுமையைப் பற்றியது. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளோடு இன்னும் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7% கூடுகிறது என்றது அது. நான்கு பேரைப் பார்த்த செவிலியர் எட்டுப் பேரைப் பார்க்க நேர்ந்தால் அது 31% வரை போகும். 2003 செப்டம்பரில் வந்த இரண்டாவது கட்டுரை படிப்பைப் பற்றியது. மருத்துவமனையின் செவிலியர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதலாக இளநிலைப் பட்டம் பெற்றவர்களாக இருந்தால், அதே இறப்பு வாய்ப்பு 5% குறைகிறது.

முதல் முடிவை ஒப்புக்கொள்ளும் மருத்துவமனை ஆட்களைக் கூட்ட வேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டாவது முடிவை ஒப்புக்கொள்ள அவ்வளவு செலவில்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் செவிலியரிடம், ‘போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வாருங்கள்’ என்று சொன்னால் போதும். கட்டணத்தில் கொஞ்சம் திருப்பித் தரலாம். தூக்கத்தையும் விடுமுறை நாளையும் குழந்தைகளோடு இருக்கும் மாலையையும் அவரே கொடுத்துக்கொள்வார். அடுத்து வந்த இருபது ஆண்டுகளில் இரண்டாவது முடிவுதான் அமெரிக்கா முழுவதும் வேகமாகப் பரவியது. இந்தக் கட்டுரை அந்தப் பரவலைப் பற்றியது. பட்டம் தேவையில்லை என்பது என் வாதம் அல்ல. தேவை என்றே நினைக்கிறேன். அதற்கான நேரத்தை யார் தருவது என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக மூன்று வழிகள் இருந்துவந்திருக்கின்றன. மருத்துவமனைகள் தாமே நடத்திய மூன்றாண்டு டிப்ளமோ ஒன்று; அது இன்று அருகிவிட்டது. சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இளநிலைப் பட்டம் மூன்றாவது. எந்த வழியில் வந்தாலும் எழுதுவது ‘என்கிளெக்ஸ்’ என்கிற ஒரே உரிமத் தேர்வு. கிடைப்பது ஒரே உரிமம். வார்டில் ஒரே சீருடை, ஒரே டூட்டி, அதே எண்ணிக்கையில் நோயாளிகள். இரண்டாண்டுப் படிப்போடு வேலைக்கு வந்தவர், வேலையை விடாமலே மீதிப் பாடங்களை முடித்து இளநிலைப் பட்டம் பெறும் ஏற்பாட்டை அங்கே ‘ஆர்.என். டு பி.எஸ்.என்.’ என்கிறார்கள். நம் ஊரில் ஜி.என்.எம். என்னும் செவிலியர் டிப்ளமோ முடித்தவர்கள் ‘போஸ்ட் பேசிக்’ என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு அது.

இந்தப் பிளவு எப்படி வந்தது? இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க மருத்துவமனைகள் செவிலியர் பள்ளி நடத்தியதற்குக் கல்வி ஆர்வம் மட்டுமே காரணமில்லை. வார்டுகளை நடத்தியது மாணவிகளின் உழைப்பு. பாடம் குறைவு, வேலை மிகுதி, கூலி பெயரளவுக்கு. ஜோசஃபைன் கோல்ட்மார்க் தயாரித்த 1923ஆம் ஆண்டு அறிக்கை இதை வெளிப்படையாகவே எழுதியது. கால் நூற்றாண்டு கழித்து, 1948இல், ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையைச் சேர்ந்த எஸ்தர் லூசில் பிரவுன் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்: செவிலியர் கல்வி மருத்துவமனையின் பிடியிலிருந்து விடுபட்டு உயர்கல்வி நிறுவனங்களுக்குள் போக வேண்டும்.

அந்த நேரத்தில் நாட்டில் செவிலியர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. 1946ஆம் ஆண்டின் ஹில்–பர்ட்டன் சட்டத்தின் பணத்தில் ஊருக்கு ஊர் மருத்துவமனைகள் எழுந்துகொண்டிருந்தன. படுக்கைகள் கூடின, ஆட்கள் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மான்டாக் என்பவர் 1951இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சமுதாயக் கல்லூரியில் இரண்டே ஆண்டில் பயிற்சிபெறும் ‘தொழில்நுட்பச் செவிலியர்’. படுக்கையருகில் நேரடிப் பராமரிப்பு அவர் வேலை. பரந்த பொறுப்பும் தலைமையும் நான்காண்டு படித்தவருடையது. 1952இல் ஏழு கல்லூரிகளில் சோதனை தொடங்கியது.

சோதனை வென்றது, ஆனால் மான்டாக் நினைத்த விதத்தில் அல்ல. இரண்டாண்டு முடித்தவர்கள் உரிமத் தேர்வில் நன்றாகவே தேறினார்கள். தேறியதும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு காட்ட மருத்துவமனைக்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. எல்லோரும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள். தனித்த, முழுமையான ஒரு பணிக்கான படிப்பாக அவர் வகுத்தது, நாளடைவில் ‘முடிக்கப்படாத நான்காண்டுப் படிப்பு’ என்று பார்க்கப்படலாயிற்று. இன்றைக்கு ‘பட்டத்தை முடித்தல்’ என்கிறார்களே, அந்தச் சொல்லே இந்த வரலாற்றின் எச்சம்தான். தம் படிப்பைப் பாதியில் விட்டதாக அந்தச் செவிலியர் ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார். சேர்ந்த படிப்பைச் சேர்ந்தபடியே முடித்தவர் அவர்.

சமுதாயக் கல்லூரிக்கு யார் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அன்றைய மருத்துவமனைப் பள்ளிகள் பலவற்றில் மணமான பெண்களுக்கு இடமில்லை. விடுதியில்தான் தங்க வேண்டும். சமுதாயக் கல்லூரி வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருந்தது, கட்டணம் குறைவு, வயது கேட்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய தாய்மார்களும் சிற்றூர்க்காரர்களும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களும் இந்த வாசல் வழியாகத்தான் செவிலியப் பணிக்கு வந்தார்கள். பிறகு எழுந்த ‘பட்டம் கட்டாயம்’ என்ற ஒவ்வொரு குரலும் முதலில் இவர்களைத்தான் தொட்டது.

முதல் பெரிய குரல் 1965இல் எழுந்தது. தொழில்முறைச் செவிலியருக்குக் குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டமே என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் நிலைப்பாடு எடுத்தது. மருத்துவமனைப் பள்ளிகள் கொதித்தன. டிப்ளமோ பெற்ற செவிலியர்கள் தங்கள் சங்கமே தங்களைக் கைவிட்டதாக உணர்ந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1987இல், வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் அதை விதியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2003இல் அதுவும் பின்வாங்கியது. தொழிலின் மானத்தைக் காட்டி வைத்த வாதம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் சட்டமன்றங்களை அசைக்கவில்லை. எய்கனின் கட்டுரையோ நோயாளியின் உயிரைக் காட்டியது. வடக்கு டகோட்டா விலகிய அதே 2003இல்தான் அது வந்தது.

அந்தக் கட்டுரையில் இறப்பு விகிதத்தோடு இன்னோர் அளவையும் உண்டு: ‘மீட்கத் தவறுதல்’. அறுவைக்குப் பிறகு நோயாளிக்குச் சிக்கல் வருவது பல நேரம் தவிர்க்க முடியாதது. வயதும் பிற நோய்களும் அதைத் தீர்மானிக்கும். ஆனால் சிக்கல் வந்த பிறகு அந்த நோயாளி பிழைக்கிறாரா, இறக்கிறாரா என்பது மருத்துவமனையைப் பொறுத்தது. ஜெஃப்ரி சில்பர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அளவை இது. எய்கன் குழுவில் அவரும் ஒருவர்.

இதை வார்டில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். குடல் அறுவை முடிந்த இரண்டாம் நாள் இரவு. நோயாளியின் மூச்சு நிமிடத்துக்குப் பதினாறாக இருந்தது இருபதாகிறது, பிறகு இருபத்துநான்கு. இரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. காய்ச்சல் பெரிதாக இல்லை. ஆனால் மாலையில் மகளோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது கேட்டதற்கு மாற்றிப் பதில் சொல்கிறார். சிறுநீர்ப் பையில் அளவு குறைந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அபாயமில்லை. சேர்த்துப் பார்த்தால் உடலுக்குள் கிருமி பரவத் தொடங்கியிருக்கலாம். இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் செவிலியர். பார்த்தபின் நள்ளிரவில் மருத்துவரை எழுப்ப வேண்டும். ‘காலையில் பார்க்கலாம்’ என்று அவர் சொன்னால், இல்லை, இப்போதே வரவேண்டும் என்று காரணத்தோடு எடுத்துச் சொல்லவும் வேண்டும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் மீட்பதோ தவறுவதோ நடக்கிறது. இதில் படிப்புக்கும் பங்கு உண்டு, பணிச்சுமைக்கும் பங்கு உண்டு. எட்டு நோயாளிகளுக்கிடையே ஓடும் ஒருவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் அந்தக் குழப்பமான பதிலைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

செவிலியர்களில் 20% பேர் பட்டதாரிகளாக இருக்கும் மருத்துவமனையோடு 60% பேர் பட்டதாரிகளாக இருக்கும் மருத்துவமனையை ஒப்பிட்டால், ஆயிரம் நோயாளிகளுக்கு 3.6 இறப்புகள் குறையும் என்று 2003ஆம் ஆண்டுக் கட்டுரை கணக்கிட்டது. சிக்கல் கண்ட நோயாளிகளை மட்டும் எடுத்தால் ஆயிரத்துக்கு 14.2. இந்த எண்களுக்குப் பின்னால் வீட்டுக்குத் திரும்பிய மனிதர்கள் இருக்கிறார்கள். அதே கட்டுரை, செவிலியர்களின் சராசரி அனுபவ ஆண்டுகளுக்கும் இறப்புக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றும் சொன்னது. இருபது ஆண்டுகள் வார்டில் நின்ற டிப்ளமோ செவிலியர்களை இது எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ஆய்வு தனி ஆளை அளக்கவில்லை. மருத்துவமனை முழுவதற்குமான சராசரியைத்தான் அளந்தது. ‘பட்டம் பெற்ற இந்தச் செவிலியர் பட்டம் பெறாத அந்தச் செவிலியரைவிடச் சிறந்தவர்’ என்று அந்த எண்களிலிருந்து யாரும் முடிவுகட்ட முடியாது. அப்படி முடிவுகட்டி எழுதப்பட்ட கல்லூரி விளம்பரங்கள் ஆய்வைத் தவறாகப் படித்தவை.

இன்னொரு நியாயமான ஐயம் உண்டு. வசதியான, நன்றாக நடக்கும் மருத்துவமனைக்குப் பட்டதாரிகள் விரும்பிப் போகிறார்கள். இறப்பு குறைவதற்குக் காரணம் மருத்துவமனையின் வசதியாக இருக்கலாமே? இதற்கு 2013இல் ஓரளவு விடை வந்தது. ஆன் கட்னி–லீ, டக்ளஸ் ஸ்லோன், எய்கன் மூவரும் பென்சில்வேனியாவின் 134 மருத்துவமனைகளை 1999க்கும் 2006க்கும் இடையே ஒப்பிட்டார்கள். ஒரே மருத்துவமனையில் பட்டதாரிகளின் பங்கு பத்துப் புள்ளி உயர்ந்தபோது ஆயிரம் நோயாளிகளுக்கு இறப்பு சராசரியாக 2.12 குறைந்திருந்தது. 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்பது நாடுகள், 300 மருத்துவமனைகள், 4,22,730 நோயாளிகள் என்று விரிந்தது. ஒரு நோயாளி கூடினால் இறப்பு வாய்ப்பு 7% கூடுகிறது; பட்டதாரிகள் பத்துப் புள்ளி கூடினால் 7% குறைகிறது. இரண்டு முடிவுகளும் இம்முறை ஒரே கட்டுரையில் அடுத்தடுத்து நின்றன. பாதியை மட்டும் படித்துவிட்டு மீதியைத் தவறவிட்டோம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வேலை பார்த்துக்கொண்டே பெற்ற பட்டமும் நேரடியாகப் பெற்ற பட்டமும் ஒன்றா என்ற கேள்வியும் எழுந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு அதையும் எடுத்துக்கொண்டது. எந்த வழியில் வந்த பட்டமாக இருந்தாலும் பலன் ஒன்றுதான் என்று அது கண்டது. முப்பத்தைந்து வயதில், இரவு டூட்டி பார்த்துக்கொண்டு படித்து முடித்த பட்டம் இளைத்ததல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சரி, அந்த மீதிப் படிப்பில் என்னதான் இருக்கிறது? இளநிலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் வேண்டும். அசோசியேட் படிப்பும் உரிமமும் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். எஞ்சுவது சமுதாய நலச் செவிலியம், ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடுதல், புள்ளியியல், வார்டு நிர்வாகம், மருத்துவத் தகவல் நுட்பம், அறநெறி போன்றவை. இவற்றில் சமுதாய நலப் பாடத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். வார்டில் நோயாளி படுக்கை எண்ணாகவும் நோயின் பெயராகவும் வருகிறார். மூன்று நாளில் போய்விடுகிறார். இதயம் பலவீனமான அதே முதியவர் ஏன் மாதந்தோறும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார் என்பதற்கு விடை வார்டில் இல்லை. அவர் வீட்டுச் சமையலறையில் இருக்கலாம். மருந்துக் கடைக்குப் பேருந்து இல்லாத தெருவில் இருக்கலாம். லிலியன் வால்ட் 1893இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் நடந்துபோய்க் கற்றது அது. இரண்டாண்டுப் படிப்பில் அதற்கு நேரம் இருக்கவில்லை.

மாறாக, பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவரை, ‘உடல் பரிசோதனை’ என்ற பாடத்துக்குத் திரும்ப உட்கார வைக்கும் கல்லூரிகளும் உண்டு. அனுபவத்தை அளந்து கிரெடிட் தர வழி இருந்தும் அதைச் செய்யாதது அவமதிப்பு. மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் இதில் ஒரு மாற்றுவழி காட்டியது. ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். தெரிந்ததை நிரூபித்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். எத்தனை பாடம் முடித்தாலும் அதே பணம். வேலை பார்க்கும் செவிலியர்கள் அதை நாடிப் போனதில் வியப்பில்லை.

இனி, இப்படிப் படிக்கும் செவிலியர் ஒருவருடைய வாரத்தைப் பார்ப்போம். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் பன்னிரண்டு மணி நேர டூட்டி, வாரத்துக்கு மூன்று. ஒப்படைப்பு முடிந்து கிளம்பக் காலை ஏழரை தாண்டிவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் பகல் தூக்கம் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. இணையவழிப் படிப்பு என்பதால் வகுப்பறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வாரத்தின் நடுவில் விவாதப் பதிவு ஒன்று, வாரக் கடைசிக்குள் சக மாணவர்களின் பதிவுகளுக்கு இரண்டு மறுமொழிகள், ஞாயிறு நள்ளிரவுக்குள் கட்டுரை. அந்தக் கட்டுரை அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடையில் இருக்க வேண்டும். மேற்கோள் பட்டியலில் காற்புள்ளி இடம் மாறினால் மதிப்பெண் போகும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு மருந்துப் பம்புகளை ஒரே நேரத்தில் கவனிப்பவர், மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் இரவு இரண்டு மணிக்குக் கண்கலங்கி உட்கார்ந்திருப்பது கற்பனை அல்ல. படிப்பை இடையில் விடுகிறவர்களைப் பாடத்தின் கடினத்தைவிட வாரத்தின் நெருக்கடியே அதிகம் தள்ளுகிறது.

பணமும் சும்மா கிடைப்பதில்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டப்படி, முதலாளி ஊழியரின் படிப்புக்குத் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர்வரை வரி கிடையாது. பல பத்தாண்டுகளாக அதே வரம்பு. பல மருத்துவமனைகளும் தங்கள் உதவியை அந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டன. அதையும் முதலில் செவிலியர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். தேர்ச்சி பெற்ற மதிப்பெண் பட்டியலைக் காட்டிய பிறகே திரும்பக் கிடைக்கும். அதற்கு ஈடாக இத்தனை ஆண்டு இங்கேயே வேலை பார்ப்பேன் என்று கையெழுத்து. நடுவில் கிளம்பினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். நம் ஊர்ச் செவிலியர்கள் ‘பாண்ட்’ என்று அறிந்திருப்பதன் மென்மையான வடிவம் இது.

2010இல் அமெரிக்க மருத்துவக் கழகம், ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் உதவியோடு, செவிலியத்தின் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020க்குள் செவிலியர்களில் 80% பேர் இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றது. அன்று பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதி. குறித்த ஆண்டில் இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2022ஆம் ஆண்டின் தேசியச் செவிலியர் கணக்கெடுப்பில் பங்கு 70%ஐத் தாண்டியிருந்தது. ஒரு தொழிலின் கல்வித் தகுதி இவ்வளவு விரைவாக மாறியது பெரிய சாதனைதான். அதைச் சாதித்தவர்களில் பெரும் கூட்டம் காலை ஏழரைக்குப் பிறகு படித்தவர்கள்.

எது அவர்களை அங்கே தள்ளியது? சிறந்த செவிலியப் பணிக்கான ‘மாக்னெட்’ அங்கீகாரத்தை நாடும் மருத்துவமனைகளில் 2013 முதல் செவிலியர் மேலாளர்கள் எல்லோரும் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றானது. கீழே நிற்பவர்களுக்கும் செய்தி புரிந்தது. வேலை விளம்பரங்களில் ‘பட்டம் இருந்தால் நல்லது’ என்பது ‘பட்டம் வேண்டும்’ ஆயிற்று. 2017 டிசம்பரில் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ கையெழுத்திட்ட சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: புதிதாக உரிமம் பெறும் செவிலியர் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கும் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. வடக்கு டகோட்டாவைவிட இது விவேகமான வடிவம். சமுதாயக் கல்லூரி வாசலை மூடவில்லை. முதலில் வேலைக்கு வா, பிறகு முடித்துக்கொள் என்கிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் மருத்துவமனை வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது படிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரியையும் அதில் சேர்த்திருந்தால், நான் மனமார வரவேற்றிருப்பேன்.

மறுபக்கத்தைப் பாருங்கள். செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்று மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளுக்கும் சட்டம் போட்ட முதல் மாநிலம் கலிஃபோர்னியா. 1999இல் இயற்றி 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொது வார்டில் முதலில் ஆறு, அடுத்த ஆண்டிலிருந்து ஐந்து. அதன்பின் பிற மாநிலங்கள் பெரும்பாலும் தயங்கி நின்றன. மாசசூசெட்ஸில் 2018இல் இதே கேள்வி மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. மருத்துவமனைகளின் சங்கம் கடுமையாக எதிர்த்துப் பிரசாரம் செய்தது. ஏறத்தாழ 70% வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். ஆரிகன் மாநிலம் சட்டம் இயற்ற 2023 ஆயிற்று. பட்டத்துக்குக் கிடைத்த வேகத்தையும் ஆள் எண்ணிக்கைக்குக் கிடைத்த வேகத்தையும் அருகருகே வைத்தால், ஆய்வின் எந்தப் பாதி விரும்பப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தக் கதை நமக்குத் தொலைவில் இல்லை. என்கிளெக்ஸ் தேர்வு மையம் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தேர்வெழுதிப் போகும் செவிலியர்கள் அமெரிக்க வார்டுகளில் சேர்கிறார்கள். டிப்ளமோவோடு போனவர்கள் இதே படிப்பில் இதே நள்ளிரவுக் கெடுவோடு உட்காருகிறார்கள். பட்டக் கல்வி நமக்குப் புதியதும் அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தில்லியிலும் செவிலியத்தில் இளநிலைப் பட்டப் படிப்பு 1946இலேயே தொடங்கிவிட்டது. மான்டாக் தம் ஆய்வை எழுதுவதற்கு ஐந்து ஆண்டு முன்பு. செவிலியர்களைப் பதிவு செய்ய 1926இலேயே சட்டம் கண்டது அன்றைய சென்னை மாகாணம். இருந்தும் வார்டுகளை நெடுங்காலம் தாங்கியவர்களில் பெரும்பாலோர் ஜி.என்.எம். படித்தவர்கள்.

அவர்கள் பட்டம் பெற இங்கே உள்ள முதன்மை வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. நாள்தோறும் வகுப்பு, வருகைப் பதிவு, மருத்துவமனைப் பயிற்சி. அரசுப் பணியில் நிரந்தரமானவர் என்றால் பணி ஒதுக்கீட்டில் தேர்வாகிப் போக வழி உண்டு. தனியார் மருத்துவமனையில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத்தான் போக முடியும். தொகுப்பூதியத்தில் இருப்பவர் நிலை இன்னும் சிக்கல். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015இல் பணிக்கு வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாயில் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். வேலையே நிரந்தரமில்லாதவர் படிப்பு விடுப்பை யாரிடம் கேட்பார்?

1990களின் நடுவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேறொரு கதவைத் திறந்தது. பணியில் இருக்கும் செவிலியர் தொலைநிலையில் மூன்றாண்டில் முடிக்கும் போஸ்ட் பேசிக் பட்டம் அது. பன்னிரண்டாம் வகுப்பும் ஜி.என்.எம்.மும் முடித்தவருக்கு இரண்டு ஆண்டு அனுபவம் போதும். பத்தாம் வகுப்போடு ஜி.என்.எம். சேர்ந்த முந்தைய தலைமுறைக்குக் கூடுதல் அனுபவம் கேட்டாலும் இடம் உண்டு. அந்த விதியை எழுதியவர்கள் வார்டில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தவர்கள். ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு, பணியில் உள்ள செவிலியர்களுக்கான பட்டப் படிப்பைத் தொடங்கியது. பாடப் புத்தகம் வீடு தேடி வரும். ஆனால் தொடர்பு வகுப்புக்கும் செய்முறைப் பயிற்சிக்கும் குறித்த நாளில் குறித்த மையத்தில் இருந்தாக வேண்டும். அந்த நாளுக்கு விடுப்பு தருவது பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை.

அமெரிக்காவானாலும் தமிழ்நாடானாலும், ஒரு மருத்துவமனை ‘எங்கள் செவிலியர்களைப் பட்டதாரிகளாக்குகிறோம்’ என்று சொல்லும்போது நான் கேட்டுப் பார்க்க விரும்புவது அதன் டூட்டி ரோஸ்டரை. தேர்வு வாரத்தில் படிக்கும் செவிலியருக்கு நைட் போடாமல் இருக்கிறார்களா? வகுப்பு நாளில் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருகிறாரா, அல்லது அவருடைய ஆறு நோயாளிகளையும் பக்கத்தில் நிற்கும் சிஸ்டரின் தலையில் கட்டுகிறார்களா? படிக்கும் மணி நேரத்தில் ஒரு பகுதியாவது பணி நேரமாகக் கணக்கில் ஏறுகிறதா? பட்டம் வாங்கியபின் சம்பளப் பட்டியலில் ஒரு வரி மாறுகிறதா? பட்டதாரிச் செவிலியர்களால் பிழைக்கும் அந்த ஆயிரத்தில் மூன்றரைப் பேர் மருத்துவமனையின் நோயாளிகள். அவர்களுக்காகச் செலவாகும் மணி நேரம் மருத்துவமனையின் ரோஸ்டரில்தான் எழுதப்பட வேண்டும்.